டயபர் மாத்த ஒரு மேடை வேணும், அப்பாவும் போற இடத்துல வேணும்

(காட்சி: பஸ் ஸ்டாண்டு, சிமெண்ட் பெஞ்சு)

வணக்கம்ங்க. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு சித்தூர், கல்கத்தா, நம்ம குடியாத்தம், ஆம்பூர்னு எங்கெங்க இருந்தோ கைக்குழந்தையத் தூக்கிக்கினு வர்றாங்க. வழியில புள்ள கக்கா போயிடுச்சுன்னா அம்மா ரெண்டு தொடையையும் சேத்து வெச்சி அது மேலயே படுக்க வெச்சி, ஒரு கையால ரெண்டு காலையும் தூக்கிப் புடிச்சிக்கினு இன்னொரு கையால தொடைக்கிறாங்க, புது டயபர் வாயில கடிச்சபடி, சுத்தி ஊரே பாத்துக்கினு இருக்குது. பாவம்ங்க. மாத்தாம ஈரத்தோடயே விட்டா தொடை இடுக்கு செவந்து புண்ணாயிடும், நம்ம ஊரு வெயில்ல கேக்கவே வேணாம்.

2015 ஆகஸ்ட்ல தமிழ்நாடு பூரா பஸ் ஸ்டாண்டுங்கள்ல தாய்மார்கள் பாலூட்டும் அறை தொறந்தாங்க. ரொம்ப நல்ல காரியம். ஆனா பால் குடுக்க உக்கார இடம் இருந்தா போதும், டயபர் மாத்த புள்ளயப் படுக்க வெக்கணுமே! இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை, புள்ள உருண்டு விழாம ஒரு பெல்ட், பக்கத்துல தண்ணிக் குழாய், மூடி போட்ட குப்பைத்தொட்டி, அவ்ளோதான். தொட்டி ஏன்னா, டயபர் உள்ள இருக்குற ஜெல் தண்ணிய உறிஞ்சி உப்பிக்கும், டாய்லெட்ல போட்டா பைப் அடச்சிக்கும். 2016ல வந்த திடக்கழிவு விதியே டயபரை நல்லா சுத்தித்தான் குப்பைத்தொட்டியில போடணும்னு சொல்லுச்சு.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் முக்கியம். மனைவி வார்டுல படுத்திருக்காங்க, புள்ள அப்பா கையிலயோ தாத்தா கையிலயோ இருக்குது, அவர் பாலூட்டும் அறைக்குள்ள எப்படிப் போவாரு? அமெரிக்காவுல மத்திய அரசு கட்டடங்கள்ல பொதுமக்கள் போற ஆம்பள டாய்லெட், பொம்பள டாய்லெட் ரெண்டுலயும் இந்த மேடை வேணும்னு 2016லயே சட்டம் போட்டுட்டாங்க.

(காட்சி: மனு எழுதும் கை)

நம்ம நாட்டுலயும் 2025 பிப்ரவரி 19ல சுப்ரீம் கோர்ட்டு, பொது இடங்கள்ல பாலூட்டும் அறை, குழந்தை பராமரிப்பு அறை வேணும், புதுசா கட்டுற பொதுக் கட்டடத்துல அதுக்கு இடம் ஒதுக்கப் பாக்கணும்னு சொல்லியிருக்குது. வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்வு கூட்டத்துல மனு குடுக்கலாம். எந்த பஸ் ஸ்டாண்டு, எந்த ஆஸ்பத்திரின்னு பேரு போட்டு, இந்தத் தீர்ப்பு தேதியையும் எழுதுங்க, "ஆண்கள் பக்கமும் வேண்டும்"னு தனி வரியாப் போடுங்க, ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்க.