திரும்பி வந்த பிறகு வருகிற அழுகை

(சபை வாலிபர் கூடுகையில் பேசியது)

போதகர் ஐயரவர்களுக்கும் சபையாருக்கும், அடுத்த மாதம் நேபாளத்துக்குப் புறப்படுகிற பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம்.

என்ன கொண்டுபோக வேண்டும், குளிருக்கு என்ன போட வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் தலைவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் பேச வந்தது திரும்பி வருவதைப் பற்றி. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

2015 ஏப்ரல் 25, நண்பகலுக்குச் சற்று முன்பு நேபாளத்தில் பூமி அதிர்ந்தது. நிலநடுக்கத்தின் அளவு 7.8. அன்று சனிக்கிழமை. அங்கே வார விடுமுறை சனிக்கிழமைதான். அதனால் சபைகள் ஆராதனைக்குக் கூடுவதும் அன்றுதான். நாம் ஞாயிறு காலையில் உட்கார்ந்திருப்போமே, அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் மேல் கூரை விழுந்தது. சிந்துபால்சோக் மாவட்டத்தில் மட்டும் 3,500 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

மறு ஆண்டு அந்த மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றுக்கு நாங்கள் பதினொரு பேர் போனோம். பத்து நாள். மதம் மாற்றுவது அங்கே சட்டப்படி குற்றம். நாங்கள் போனதும் பிரசங்கத்துக்கு அல்ல. கல் சுமந்தோம், மண் அள்ளினோம், சபையாரோடு தரையில் உட்கார்ந்து ஜெபித்தோம்.

என்னைத் தகரக் கொட்டகை ஒன்றில் ஒரு பாட்டியோடு தங்க வைத்தார்கள். அந்தச் சனிக்கிழமை பேரனைப் பறிகொடுத்தவர். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. நேபாளியில் அம்மாவுக்கு 'ஆமா' என்று பெயர். இது தெரியாமல் அவர் என்ன கேட்டாலும் நான் ஆமா, ஆமா என்று தலையாட்டினேன். முதல் நாளே அவர் என்னை மகளாக எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. பருப்பும் சோறும் எனக்குப் போட்டு, நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் உட்காருவார். புறப்படும்போது கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கோரக்பூரில் ரயில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். காலையில் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது, அழுதேன். அம்மா ஆசையாகச் சுட்டுத் தந்த தோசை இறங்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் இலையில் மீந்த சோற்றைப் பார்த்து, ஒன்றும் அறியாத தம்பியிடம் எரிந்து விழுந்தேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீட்டில் பயந்தார்கள்.

அப்புறம் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார்கள். "அவர்களுக்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" என்றேன். சபை அல்லேலூயா சொன்னது. அது பொய், பிள்ளைகளே. ராத்திரி அந்தப் பாட்டி போர்வைக்குள் விசும்பியதை நான் கேட்டிருக்கிறேன். விருந்தாளி முன்னால் நம் வீட்டிலும் யாரும் அழமாட்டோம் இல்லையா? அவர் பகலில் சிரித்தது அந்த மரியாதை. அதை நான் பாடமாக்கிக் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றுவரை அது என் மனதை அறுக்கிறது.

மூன்று மாதத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. தண்ணீர் வெறும் தண்ணீர் ஆனது. அதற்காகவும் குற்ற உணர்ச்சி.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 1998-இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸை அழித்த பிறகு, வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் அங்கே போய் வீடு கட்டின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் போய்வந்தவர்களையும் வீடு பெற்றவர்களையும் விசாரித்தார். பயணச் செலவோடு சேர்த்து ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலர். உள்ளூர் அமைப்பு கட்டினால் 2,000. சரி, போனவர்களாவது மாறினார்களா? பெரும்பாலோரின் ஜெபத்திலும் காணிக்கையிலும் பெரிய மாற்றம் எதுவும் நிலைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு என்னையே பார்த்தேன்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் இரண்டிரண்டு பேராக ஊழியத்துக்குப் போய்த் திரும்பி, செய்ததையும் சொன்னதையும் எல்லாம் ஆண்டவரிடம் சொல்கிறார்கள். அவர் கூட்டம் கூட்டவில்லை. தனியான இடத்துக்கு வந்து இளைப்பாறுங்கள் என்கிறார். ஐயரவர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: இந்தப் பிள்ளைகள் வந்த முதல் ஞாயிறே மைக்கைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம் போகட்டும். அழுதால் அழட்டும், கோபப்பட்டால் வீட்டார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, "மறுபடியும் வருவேன்" என்று அங்கே யாரிடமும் சும்மா சொல்லாதீர்கள். அந்த ஊர்க் குழந்தைகள் எங்களுக்கு முன் வந்த குழுக்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். அத்தனை பேரும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்.

நானும் சொன்னேன். இன்னும் போக முடியவில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்ததும், அந்தச் சபைத் தம்பி ஒருவன் பாட்டிக்குப் போன் போட்டுக் கொடுப்பான். "ஜெய்மசி" என்பார், அது அங்கே கிறிஸ்தவர்கள் சொல்லும் ஸ்தோத்திரம். அடுத்து சாப்பிட்டாயா என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி மட்டும் இப்போது எனக்குப் புரியும்.

ஆமா என்பேன். கேட்டதற்குப் பதிலும் அதுதான், அவரைக் கூப்பிடுவதும் அதுதான்.