பானை, பாக்கு, தலைப்பாகை

நேயர்களுக்கு வணக்கம். மும்பையின் நிழல் உலகத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அந்த உலகத்தில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். அவை வீட்டுச் சொற்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது.

மட்கா என்றால் மண்பானை. ஒரு சூதாட்டத்துக்கும் அதுவே பெயர். நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை தந்தியில் பம்பாய்க்கு வரும். அந்த எண்ணின் மேல் பந்தயம் கட்டினார்கள். 1960-களில் அந்த விலை வருவது நின்றபோது, பானைக்குள் சீட்டுகளைப் போட்டு எண் எடுத்தார்கள். பகலெல்லாம் பருத்தி நூற்ற ஆலைத் தொழிலாளியின் கூலி இரவில் அந்தப் பானைக்குள் போனது.

பக்டி என்றால் தலைப்பாகை. 1947-இன் வாடகைச் சட்டம் வாடகையை உயரவிடாமல் நிறுத்தியது. வீட்டுக்காரர்கள் தலைப்பாகை மரியாதை என்ற பெயரில் கணக்கில் வராத பெருந்தொகை வாங்கினார்கள். தகராறு வந்தால் நீதிமன்றத்தில் ஆண்டுகள் ஓடும். பொறுமை இழந்தவர்கள் 'பாய்' (அண்ணன்) என்று அழைக்கப்படும் தாதா ஒருவரின் வாசலில் போய் நின்றார்கள். தாதாக்களை வளர்த்ததில் இந்தத் தாமதத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ஹஃப்தா என்றால் வாரம். நாம் மாமூல் என்கிறோம். சுபாரி என்றால் பாக்கு. நம் ஊரில் வெற்றிலை பாக்கு மாற்றினால் கல்யாணம் உறுதி. அங்கே பாக்கு கொடுத்தால் கொலைக்குக் கூலி பேசியாயிற்று என்று பொருள்.

1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறைப்படி முடிவுக்கு வரவே இல்லை. பரேலிலும் லால்பாக்கிலும் ஆலைச் சங்கு ஓய்ந்தது. அப்பாவின் வேலை தனக்கு வரும் என்று காத்திருந்த பிள்ளைகளில் சிலரைக் கும்பல்கள் அழைத்துக்கொண்டன. அந்தப் போராட்டத்தை நடத்திய தத்தா சாமந்த்தையே 1997 ஜனவரியில் கூலிக்கொலையாளிகள் சுட்டுக் கொன்றார்கள்.

அதே சந்துகளில் வாழ்ந்த பெண்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. கொங்கணத்திலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்த ஆண்களுக்கு அவர்கள் தங்கள் ஒற்றை அறையில் சமைத்துப் போட்டார்கள். அந்தச் சாப்பாட்டு வீட்டுக்குக் கானாவள் என்று பெயர். சாப்பிட்டவர்கள் கூலி வாங்கிய பிறகுதான் பணம் தருவார்கள். அதுவரை அரிசி பருப்புக்கு அந்தப் பெண்கள் வட்டிக்காரர்களையே நம்பியிருந்தார்கள். 1975-இல் பிரேமா புரவ் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுத்தன. வட்டிக்காரரின் வாசலில் நின்ற பெண்கள் வங்கியின் படியேறிப் போய்த் தங்கள் பெயரில் கையெழுத்திட்டார்கள்.