வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனம் எனக்குத்தானா?

தண்டையார்பேட்டைச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வேதவசனம் என்று அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்ததாம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்கிற வசனம். ஆறு மாதமாகியும் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை. "வசனம் பொய்யாகுமா ஐயா? என் விசுவாசம் போதவில்லை என்கிறார்களே?" சாப்பிட உட்கார்ந்தாலும் இந்தக் கேள்விதான் மனதில் ஓடுகிறது.

வழக்கமாகப் பார்ப்பவர்கள் இப்போதே சிரிப்பீர்கள். ஆம், அதேதான்: முன்னே பத்து வசனம், பின்னே பத்து வசனம் படியுங்கள். இங்கே ஒரே வசனம் முன்னே போனால் போதும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம்! முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற கள்ளத்தீர்க்கதரிசி இரண்டே வருஷம் என்றான். கேட்க இனிமையாக இருந்திருக்கும். எரேமியாவின் கடிதமோ பாபிலோனிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அதைக் கேட்ட முதியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? கர்த்தருடைய மனம் அந்த வசனத்தில் தெரிகிறது, சகோதரி. உங்கள் மகனுக்கான தேதி அதில் இல்லை.

காசிமேட்டில் என் சித்தப்பாவுக்கு ஒரு வருஷம் யோவான் 21:6 வந்தது. படவுக்கு வலதுபுறமாக வலையைப் போடுங்கள். மனிதர் ஒரு வாரம் இடதுபுறம் வலையை இறக்கவே இல்லை. சீஷர்களுக்குக் கிடைத்த 153 மீன் எங்கே, குழம்புக்குக்கூடத் தேறவில்லை. "சீஷர்களுக்குச் சொன்னதை உங்களுக்குச் சொன்னதாக யார் சொன்னது?" என்று கேட்டார் சித்தி. வேதாகமக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்!

இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் வசனம்தான் சொன்னான், 91ஆம் சங்கீதத்திலிருந்து. இயேசு உபாகமத்தை எடுத்துப் பதில் சொன்னார். அதிகாரம் முழு வேதத்துக்கு உண்டு. வெட்டியெடுத்த துண்டுக்கு அல்ல.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. விசுவாசம் போதவில்லை என்று உங்களிடம் சொன்னவரை எதை வைத்துச் சோதிப்பது? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா அவர்களைக் கோபிக்கவில்லை, நற்குணசாலிகள் என்று எழுதினார். பவுலுக்கே அப்படியென்றால் உங்கள் ஊழியருக்கும் எனக்கும் என்ன விலக்கு?

அட்டையைக் கிழித்துவிடாதீர்கள். பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும்? பத்தாம் வசனத்தை அங்கே எழுதி வையுங்கள். மகன் பெயரை எனக்கு அனுப்புங்கள், ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன்.