ரெண்டு நோட்டு, ஒரே குழந்தை: குமுளி எல்லையில யாருமே பார்க்காத கணக்கு!

[காட்சி: குமுளி எல்லை, விடிகாலை. மலைக்கு வேலைக்குப் போற ஜீப்புகள்.]

வணக்கம். இங்கேருந்து நாலு எட்டு வச்சா தமிழ்நாடு, திரும்பி நாலு எட்டு வச்சா கேரளா. ரெண்டு பக்கமும் குழந்தைகளுக்கு ஊசி போடுற நாள் ஒண்ணுதான், புதன்கிழமை. 1975 அக்டோபர் 2-ம் தேதி ஆரம்பிச்ச அதே அங்கன்வாடித் திட்டம்தான் ரெண்டு பக்கமும் ஓடுது. அப்புறம் ஏன் ஏலத்தோட்டத்துக்கு வர்ற குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் நடுவுல விட்டுப்போகுது?

[காட்சி: கையில தடுப்பூசி அட்டை, நெருக்கத்தில்.]

லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில, தங்கியிருக்கிற ஒரு அக்கா காட்டினது இது. ரேஷன் கார்டோட சேர்த்து பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு வச்சிருக்காங்க, கவரைத் திறந்தாலே ஏலக்காய் வாசம். மடிப்புல எழுத்து அழிஞ்சிருக்கு. ஒரு கட்டத்துல தமிழ்ல குறிப்பு, அடுத்த கட்டத்துல மலையாளம். எடை எழுதுறது மலைக்குக் கீழ, தமிழ்நாட்டுக் கம்பம் ஊரோட நின்னுபோச்சு. மலை மேல வந்ததும் வேற நோட்டுல முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்காங்க. பிள்ளை தேறுதா இளைக்குதான்னு பார்க்கணும்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். அப்படி வச்சுப் பார்க்குறது எந்த ஆபீஸோட வேலையும் இல்லை. அந்த அக்கா மட்டும்தான் ரெண்டையும் பத்திரமா வச்சிருக்காங்க.

அங்கன்வாடிக் கணக்கைப் பதியுற போஷன் டிராக்கர் செயலியில குழந்தையோட பேரை ஒரு அங்கன்வாடியிலேருந்து இன்னொண்ணுக்கு, மாநிலம் தாண்டியும் மாத்துற வசதி இருக்கு. நல்ல விஷயம். ஆனா அங்கன்வாடிக்கு வெளிய ஆஸ்பத்திரி, ஸ்கூல், போலீஸ் எல்லாம் தனித்தனி உலகமாத்தான் இருக்கு.

இதுக்கு ஸ்காட்லாந்து என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. 2014-ல ஒரு சட்டம் போட்டாங்க. அங்க மொத்தம் 32 உள்ளாட்சிப் பகுதி. ஒவ்வொண்ணுலயும் உள்ளாட்சியும் சுகாதார வாரியமும் சேர்ந்து உட்கார்ந்து, மூணு வருஷத்துக்கு ஒரே ஒரு குழந்தைகள் திட்டம் எழுதணும். ஆளுக்கொண்ணு எழுதி கடைசியில ஸ்டேப்லர் அடிக்கிற கதை கிடையாது. வருஷா வருஷம் என்ன செஞ்சோம்னு அறிக்கையும் வெளியிடணும். போலீஸும் இதுல கலந்துக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். தீயணைப்புத் துறையும் கலந்துக்கணும்! குழந்தைக்கும் தீயணைப்புக்கும் என்ன சம்பந்தம்னு நானும் யோசிச்சேன். அங்க அவங்க வீடு வீடாப் போய் தீப்பிடிக்காம இருக்க என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுக்குறவங்க. வீட்டுக்குள்ள கால் வைக்கிற ஆள் கண்ணுல, அடுப்புப் பக்கத்துலயே படுத்துத் தூங்குற பிள்ளையும் படும்ல?

குழந்தையைப் பத்தி அவங்க எல்லாரும் கேட்குற கேள்வி எட்டு. பத்திரமா இருக்கா? ஆரோக்கியமா இருக்கா? திறமையில முன்னேறுதா? அன்பா வளருதா? ஓடியாடி விளையாடுதா? அது சொல்றதைக் காது கொடுத்துக் கேட்குறாங்களா? பொறுப்பு பழகுதா? எட்டாவது, அதை எல்லாரும் சேர்த்துக்கிறாங்களா?

அந்த எட்டாவதுலயே நான் நின்னுட்டேன். வீட்டுல தமிழ் பேசுற பிள்ளை, வகுப்புல மலையாளம். கேரளாவுல பீருமேடு, தேவிகுளம் பக்கமெல்லாம் தமிழ் மீடியம் இருக்கு, ஆனா எல்லா லயத்துக்கும் பக்கத்துல இல்லையே. அந்தப் பிள்ளைக்கு ஊசி சரியா போட்டாச்சு, முட்டையும் கிடைக்குது, எடையும் சரி. எந்த ஆபீஸ் நோட்டுல பார்த்தாலும் குறையே இல்லை. மூணு மாசமா வகுப்புல வாயே திறக்கலைங்கிறதை எந்த நோட்டுல எழுதுவாங்க? நம்ம அதிகாரிகள் இந்த எட்டுல ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கலாம்னா, நான் இதைத்தான் கொடுப்பேன்.

ஸ்காட்லாந்துலயும் சறுக்கல் உண்டு. அதே சட்டத்துல குழந்தையைப் பத்தின தகவலைத் துறைகளுக்குள்ள பரிமாறிக்கிற ஒரு பகுதி, குடும்பத்தோட அந்தரங்கத்துல தலையிடுதுன்னு 2016-ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தடுத்துருச்சு. சரியான தீர்ப்புன்னுதான் நான் சொல்வேன். சேர்ந்து வேலை செய்யணும், அதுக்காக ஒரு வீட்டு விஷயத்தை ஊர் முழுக்கப் பரப்பக் கூடாது.

நம்ம பக்கம் மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு இருக்கு, ஆபத்துன்னா 1098 இருக்கு. ஆனா நான் இன்னைக்குச் சொல்ல வந்தது டி.சி. என் அக்கா பையனை, டி.சி. வரலைன்னு ஒரு ஸ்கூல்ல மூணு வாரம் சேர்க்கவே இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5 என்ன சொல்லுது? எட்டாம் வகுப்பு வரைக்கும் பிள்ளை ஸ்கூல் மாறலாம், வேற மாநிலத்துக்கும் மாறலாம். டி.சி. வரத் தாமதமானா அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. எங்களுக்கு அப்ப இது தெரியாது.

[திரையில்: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5]

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜீப்புல மேல போற அக்காமார் வாட்ஸ்அப் குரூப்புல போடுங்க. வர்ற புதன்கிழமை ஊசிக்குப் போகும்போது, பழைய நோட்டு புது நோட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போய் நர்ஸம்மா முன்னாடி விரிச்சு வைக்கச் சொல்லுங்க.