மூக்குத்தியைக் கழற்ற 150 ரூபாய், கட்டைவிரல் துள்ள ஒரு நொடி

வணக்கம் மக்களே. மூக்கைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆம், வேப்பங்குச்சிதான். நேற்று ஓர் ஆய்வுக்காக என் மூளையைத் தலைக்கு வெளியிலிருந்தே காந்தத்தால் தட்டிப் பார்த்தார்கள், டி.எம்.எஸ். என்று பெயர். அதற்குக் கொடுத்த விலை இது.

வேலூரில் காட்பாடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நோயில்லாத ஆட்களைத் தேடுகிறார்கள் என்று போன வீடியோவில் சொன்னேன் அல்லவா? பெயரைக் கொடுத்துவிட்டேன். படிவத்தில், ‘தலையில் உலோகம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. அறுவை சிகிச்சையில் வைக்கிற தகட்டைக் கேட்கிறார்களாக்கும் என்று ‘இல்லை’ போட்டேன். திங்கட்கிழமை, சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் வெந்து போய் நின்றால், அங்கிருந்த பெண் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, மூக்குத்தி?” என்கிறார்.

தோடு கழன்றது. கொண்டை ஊசி வந்தது. மூக்குத்தி அசையவில்லை. கல்யாணத்தின்போது முடுக்கிய திருகாணி, பதினோரு வருடம் ஆகிறது. சோப்பு நுரைக்கும் மசியவில்லை, வீட்டுக்கு வந்து தடவிய தேங்காய் எண்ணெய்க்கும் மசியவில்லை. அன்றைய முறை போனது போனதுதான்.

மறுநாள் லாங் பஜாரில் ஓர் ஆசாரி. “தங்கம் காந்தத்தில் ஒட்டாதே அம்மா, எதற்குக் கழற்றுகிறாய்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. சின்னக் குறடால் ஒரே ஒரு திருப்பு. கூலி 150 ரூபாய்! ஆய்வுக்கூடத்தில் பயணச் செலவுக்குத் தருவதே 300. பாதி மூக்கோடு போயிற்று. அந்தக் காசுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் பை நிறைய வாங்கி எண்ணெய்க் குழம்பு வைத்திருப்பேன்.

ஆசாரிக்கான பதில் நேற்றுக் கிடைத்தது. ஒட்டுவதா ஒட்டாததா என்பதே விஷயமில்லையாம். தலைமேல் வைக்கிற கம்பிச்சுருளில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரு மில்லிநொடிக்குள் பாய்ந்து அடங்குகிறது. அப்படிச் சட்டென எழுந்து விழும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கிற எந்த மின்கடத்தியிலும் மின்னோட்டத்தைக் கிளப்பும். விஞ்ஞானி ஃபாரடே 1831-லேயே கண்டது. தங்கமும் கடத்தி, மூளையும் கடத்தி! 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் இதை வைத்துத்தான் தலையைத் திறக்காமல் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். புலத்தின் வலிமை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு நிகராக 1.5, 2 டெஸ்லா வரை போகும். ஆனால் கண்ணிமைப்பதற்கும் குறைவான நேரம், மேலாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம், அவ்வளவுதான்.

எட்டு வடிவச் சுருளைத் தலையின் இடப்பக்கம் வைத்தார்கள். ‘டப்’. பிள்ளையார் முன்னால் குட்டிக்கொள்வோமே, அந்த அளவுக்கு ஒரு குட்டு. மடியில் சும்மா கிடந்த என் வலது கட்டைவிரல், தூண்டிலை மீன் இழுத்த மாதிரி துள்ளியது! நான் அசைக்கவில்லை. சத்தியமாக நான் அசைக்கவில்லை. இன்னொரு தடவை தட்டச் சொல்லிக் கேட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அட, மறந்துவிட்டேன். அதற்கு முன்பே காதடைப்பான் கொடுத்தார்கள், சத்தம் செவியைக் கெடுக்கும் என்பதால். காபியும் கூடாது என்றார்கள். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று புரியும்.

யாருக்கு எவ்வளவு வலிமையில் தட்டுவது என்று முதலில் அளந்தார்கள். பத்துத் தடவை தட்டினால் ஐந்து தடவையாவது விரல் தசையில் 50 மைக்ரோவோல்ட் அளவுக்காவது மின்சைகை எழ வேண்டும். அதற்குப் போதுமான மிகக் குறைந்த வலிமைதான் அவரவர் அளவு. எனக்கு, இயந்திரத்தின் உச்சத்தில் 46 சதவீதம். பிறகு 40 நொடிக்குள் 600 காந்தத் துடிப்பு, மும்மூன்றாக. 2005-ல் லண்டனில் செய்து பார்த்தபோது, இதற்குப் பிறகு விரலை அசைக்கும் அந்த மூளைப்பகுதி ஒரு மணிநேரம் வரை மந்தமானது. பின்னால் நிறையப் பேரிடம் பார்த்தால், சிலருக்கு நேர்மாறாகத் துள்ளல் கூடுகிறதாம்! அதே சுருள், அதே 600. நோயில்லாத தலைகளே இப்படி ஆளுக்கொரு விதமாக இருக்கும்போது நோயாளிக்கு எதைக் கணக்கு வைப்பது? அதனால்தான் என் தலை தேவைப்பட்டது.

‘ஷாக் வைக்கிறார்களா அக்கா’ என்று எழுதுகிறவர்களே, எரிச்சலாக வருகிறது. அது மயக்க மருந்து கொடுத்து, வலிப்பை வரவழைத்துச் செய்கிற வேறு சிகிச்சை. நான் விழித்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதிலும் அபூர்வமாக வலிப்பு வரலாம். அதனால்தான் வலிப்பு நோய் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களையும்தான். எனக்கு லேசான தலைவலி, மாலையில் போய்விட்டது.

வியாழக்கிழமை இன்னொரு முறை போக வேண்டும். அந்த 600 துடிப்பு இரண்டு முறையில் ஒரு முறை வெறும் பாவனை, எந்த முறை என்று சொல்ல மாட்டார்கள். அதுவரை துளை தூர்ந்துவிடாமல் இருக்கத்தான் குச்சி, அத்தையின் ஏற்பாடு. திரும்ப மாட்டிவிட எவ்வளவு என்று ஆசாரியிடம் கேட்க மறந்துவிட்டேன்.