வசந்தகால உறைபனியும் பழமரங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

2021 ஏப்ரல் முதல் வாரத்து இரவுகளில், பிரான்சின் சாப்லி திராட்சைத் தோட்டங்களில் உறைபனியிலிருந்து தளிர்களைக் காக்க, கொடி வரிசைகளுக்கிடையே ஆயிரக்கணக்கான மெழுகுச் சட்டிகள் எரிந்தன. தெற்கே ரோன் பள்ளத்தாக்கில் ஆப்ரிகாட் மரங்கள் அந்த ஆண்டின் விளைச்சலில் பெரும்பகுதியை இழந்தன. நடுக்குளிர்காலத்தின் கடுமையைத் தாங்கிய மரம், வசந்தத்தின் லேசான உறைபனிக்கு ஏன் பலியாகிறது?

குளிர்காலத்தில் மரத்தின் நீர் உயிரணுக்களுக்கு உள்ளே உறைவதில்லை. அவற்றுக்கு வெளியேயுள்ள இடைவெளிகளில் உறைகிறது. நீர் வெளியேறுவதால் உள்ளே சர்க்கரை செறிந்து, உயிரணு காக்கப்படுகிறது. அதனால் ஜனவரியில் ஆப்பிள் மொட்டு, பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸையும் தாங்கும். மொட்டு விரியத் தொடங்கியதும் நீர் ஏறுகிறது, சர்க்கரை வளர்ச்சிக்குச் செலவாகிறது, காப்பு கரைகிறது. முழுமையாகப் பூத்த நிலையில் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 2 டிகிரியில் பத்தில் ஒரு பூவும், 4 டிகிரியில் பத்தில் ஒன்பதும் மடிகின்றன.

ஆகவே மரத்தின் உண்மையான பாதுகாப்பு, அது விழிக்கும் நேரத்தில் இருக்கிறது. போதிய குளிரைப் பெற்ற பிறகே அதன் உறக்கம் கலையும். பின்னர் வெப்பம் வந்தால்தான் மொட்டு அவிழும். 2021 மார்ச் இறுதியில் பிரான்சின் பல இடங்களில் வெப்பம் 25 டிகிரியைக் கடந்து மொட்டுகளை முன்கூட்டியே எழுப்பிவிட்டது. ஏப்ரல் குளிரைவிட அந்த மார்ச் வெயிலையே நான் பெரிய குற்றவாளி என்பேன்.

தாமதமாகத் துளிர்க்கும் முசுக்கட்டை (மல்பெரி) மரம் பெரும்பாலும் தப்பிக்கிறது. திராட்சையின் ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் மாற்று மொட்டுகள் உண்டு. முதல் தளிர் கருகினால் அவை எழும், ஆனால் குலைகள் குறையும். ஆப்பிளுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அதன் பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவானவை என்பதால், இழந்தவற்றை அதே வசந்தத்தில் மீண்டும் படைக்க மரத்தால் இயலாது.

மனிதர் செய்யக்கூடிய உதவிகளுள் எனக்கு வியப்பூட்டுவது நீர்த்தெளிப்பு. நீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளியிடுவதால், இரவெல்லாம் தெளித்துக்கொண்டே இருந்தால் பனிக்கட்டி உறைக்குள் மொட்டு பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். இடையில் தண்ணீர் நின்றால், தெளிக்காமல் விட்டதைவிட அதிகச் சேதம் நேரலாம்.

விடிந்த பின் தோட்டக்காரர் ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்து பார்ப்பார். இதழ்கள் வெண்மையாகவே இருக்கும். நடுவில் காயாக மாறவேண்டிய சூலகம் உயிரோடு பச்சையாக இருக்கிறதா, மடிந்து கறுத்திருக்கிறதா என்பதைத்தான் அவர் தேடுகிறார்.