குகைக்குள்ளிருந்து வருபவர் யார்?

வணக்கம் நேயர்களே.

வீடியோ கேம் என்றதும் துப்பாக்கியும் கார்ப் பந்தயமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றை இன்று நான் தொடப்போவதில்லை. கதை சொல்லும் விளையாட்டுகளில் ஒரு சிறு கிளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த வகையில் உங்கள் கதை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தீர்மானிப்பதில் எழுதியவருக்கும் உங்களுக்கும் பங்கு உண்டு. அதே விளையாட்டை உங்களுக்கு முன் ஆடிவிட்டுப் போன, முகம் தெரியாத யாரோ ஒருவருக்கும் பங்கு உண்டு.

சுற்றி வளைக்காமல் உதாரணத்துக்கே போய்விடுகிறேன். 2016ஆம் ஆண்டு, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையத் தளத்தில் ‘மொய்ராய்’ என்ற விளையாட்டு இலவசமாக வந்தது. மூன்று பேர் சேர்ந்து செய்த சின்ன வேலை. படங்கள் கட்டம் கட்டமாக, பழைய காலக் கணினித் திரையை நினைவூட்டும்படி இருக்கும். ஆடி முடிக்கக் கால் மணி நேரம் போதும். கதை இதுதான்: ஒரு கிராமத்தில் ஜூலியா என்ற பெண்ணைக் காணவில்லை. குகைப் பக்கம் போனாள் என்கிறார்கள். அவளைத் தேடி நீங்கள் குகைக்குள் நுழைகிறீர்கள். உள்ளேயிருந்து ஒரு விவசாயி வருகிறார். உடையெல்லாம் இரத்தம், கையில் கத்தி. அவரிடம் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்கிறீர்கள். ஏன் இந்த இரத்தம்? எதற்குக் கத்தி? உள்ளே முனகல் கேட்டதே, என்ன செய்தாய்? அவர் பதில் சொல்கிறார். கேட்டுவிட்டு அவரைப் போக விடலாம், கொன்றும் போடலாம்.

அதற்குப் பிறகு உள்ளே போனால் ஜூலியா குற்றுயிராகக் கிடக்கிறாள். அங்கே நடப்பதை நான் விவரிக்கப்போவதில்லை. திரும்பி வரும்போது உங்கள் உடையில் இரத்தம், உங்கள் கையில் கத்தி. எதிரே ஒருவர் குகைக்குள் வருகிறார். அதே மூன்று கேள்விகளை உங்களிடம் கேட்கிறார். இந்த முறை பதிலை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும்.

அந்த நொடியில்தான் உறைக்கிறது. சற்று முன் நீங்கள் விசாரித்த விவசாயி பேசியது, உங்களுக்கு முன் ஆடிய ஒரு மனிதர் இதே இடத்தில் நின்று எழுதிய பதில். இப்போது நீங்கள் எழுதுவது அடுத்து வருபவரின் திரையில் தோன்றும். உங்களை விடுவதா வெட்டுவதா என்பது இனி அவர் பாடு. மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால், உங்கள் கதி என்ன ஆயிற்று என்று பின்னால் ஒரு தகவல் வரும்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். இங்கே விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர். ஆத்திரத்தில் அந்த விவசாயியைக் கொன்றவர்கள், ‘நான் கொன்றது ஒரு பொம்மையை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மறுபக்கத்தில் ஒருவர் உண்மையாகவே தன் நியாயத்தைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அது இவர்களுக்குப் போதவில்லை. விளையாட்டாக ஏதோ கிறுக்கிவிட்டுப் போன ஆளாகவும் அவர் இருக்கலாம். அந்தச் சந்தேகமும் விசாரணையில் ஒரு பகுதிதான்.

இந்த அமைப்பு எவ்வளவு சிக்கனமானது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேர்வுகள் உள்ள கதையை எழுதுகிறவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. ஒவ்வோர் இடத்திலும் இரண்டே வழிகள் என்று வைத்தாலும், பத்து இடங்கள் வந்தால் 1024 பாதைகள் ஆகிவிடும். யாராலும் அத்தனையையும் எழுத முடியாது. அதனால் பிரியும் வழிகளை மெல்ல மடக்கி, மறுபடி ஒரே தடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். நீங்கள் யாரைக் காப்பாற்றினாலும் அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பாலம் இடியத்தான் செய்யும். இது கணினிக்கு முந்தைய தந்திரம். 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ஒரு படம் காட்டினார்கள். இருக்கைகளில் பச்சை, சிவப்புப் பொத்தான்கள். கதை ஆங்காங்கே நிற்கும்; பார்வையாளர்கள் வாக்களிப்பார்கள்; பெரும்பான்மை கேட்ட காட்சி ஓடும். எதற்கு வாக்களித்தாலும் இரண்டு வழியும் சற்று தூரத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடும்படி படத்தை எடுத்திருந்தார்கள். வாக்குரிமையைப் பற்றிய குசும்பு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

மொய்ராய் இந்தக் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. உங்கள் தேர்வின் விளைவை எழுத அங்கே எழுத்தாளர் தேவையில்லை. விளைவு இன்னொரு மனிதரின் ஆட்டத்தில் போய் விழுகிறது. அதை அனுபவிக்கிறவர் அவர், அதற்கு எதிர்வினை செய்பவரும் அவர். மூன்று கேள்விகள், மூன்று பதில்கள், ஒரு முடிவு; சர்வரில் சேமிக்க வேண்டியது அவ்வளவுதான். இருவரும் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நேற்று எழுதிய பதில் இன்று வருபவருக்காகக் காத்திருக்கும்.

மற்ற ஆட்டக்காரர்களைக் கதைக்குள் கொண்டுவர வேறு வழிகளும் முயலப்பட்டிருக்கின்றன. 2012இல் வந்த ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டில் ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் ஒரு பட்டியல் வரும். இந்த முடிவை உங்களைப் போல எத்தனை சதவீதம் பேர் எடுத்தார்கள் என்று அது சொல்லும். பலருக்கு இது பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மனம் நொந்து ஒருவரைக் கைவிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், பெரும்பாலானோர் அதையேதான் செய்தார்கள் என்று திரை ஆறுதல் சொல்கிறது. பத்தோடு பதினொன்றாக நானும் சேர்ந்துகொண்டேன் என்ற நிம்மதி வந்துவிட்டால், அந்த முடிவின் கனம் போய்விடுகிறது.

வாக்கெடுப்பு இன்னொரு வழி. 2014 பிப்ரவரி 12 அன்று, ஆட்டங்களை நேரலையில் காட்டும் டிவிச் தளத்தில் ஒருவர் ‘போக்கிமான் ரெட்’ என்ற பழைய விளையாட்டை ஓடவிட்டு, அதை இயக்கும் பொறுப்பை அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்பவர்கள் அனைவரிடமும் கொடுத்துவிட்டார். இடது என்று ஒருவர், வலது என்று இன்னொருவர், வேண்டுமென்றே கெடுக்கிறவர்கள் வேறு. கதாநாயகன் ஒரே மூலையில் மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றான். பிறகு பெரும்பான்மை வாக்குப்படி நடக்கும் ஜனநாயக முறையும், யார் சொன்னதும் உடனே நடக்கும் அராஜக முறையும் வைக்கப்பட்டன. எது வேண்டும் என்பதே பெரிய சண்டையாயிற்று. ஜனநாயகத்தை எதிர்த்து ஆட்டத்தையே ஸ்தம்பிக்க வைத்து மறியல் செய்தார்கள்! இத்தனைக்கும் இடையில் மார்ச் 1 அன்று ஆட்டத்தை முடித்தும் காட்டினார்கள். அதைவிட வியப்பு, அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு புராணம் உருவானது. பையிலிருந்த ஒரு புதைபடிவத்தைக் கூட்டம் தவறுதலாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது. உடனே, கதாநாயகன் அதனிடம் குறி கேட்கிறான் என்று சொல்லி, அதைத் தெய்வமாக்கிவிட்டார்கள். எந்த எழுத்தாளரும் எழுதாத கதை அது.

ஆனாலும், கூட்டம் கூடி வாக்களிக்கும்போது யாருக்கும் பொறுப்பு இல்லை. இந்த முறையில் கேலிக்கூத்து நன்றாக வரும்; குற்ற உணர்ச்சி வராது. 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கிய ‘சைலன்ட் ஹில்: அசென்ஷன்’ தொடரில், தங்கள் வாக்குக்குக் கூடுதல் எடை தரும் புள்ளிகளைப் பார்வையாளர்கள் பணம் கொடுத்து வாங்கலாம் என்று வைத்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பார்வையில் இந்த வகை விளையாட்டுகளின் சூட்சுமம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மற்றவர் உங்கள் கதைக்குள் கை நீட்டலாம். அந்தக் கை எவ்வளவு நீளலாம் என்பதைத் தயாரிப்பாளர் அளந்து வைக்க வேண்டும். ‘ஜர்னி’ என்ற விளையாட்டில் பாலைவனத்தின் வழியே ஒரு மலையை நோக்கி நடக்கிறீர்கள். வழியில் இன்னோர் ஆட்டக்காரர் வந்து சேர்வார். பெயர் தெரியாது, பேச முடியாது, ஓர் இசை ஒலியை மட்டும் எழுப்பலாம். உருவாக்கத்தின்போது ஒருவரையொருவர் தள்ளும் வசதி அதில் இருந்ததாம். உதவி செய்வதற்காக வைத்ததை, சோதனைக்கு ஆடியவர்கள் துணைவரைப் பள்ளத்தில் தள்ளிவிடப் பயன்படுத்தினார்கள். இயக்குநர் ஜெனோவா சென் மனித குலத்தின் மீது நம்பிக்கை இழந்து உட்கார்ந்துவிடவில்லை. தள்ளும் வசதியை எடுத்துவிட்டார். உடல்கள் மோதிக்கொள்ளாமல் ஊடுருவிப் போகும்படி மாற்றி, அருகில் நின்றால் இருவருக்கும் பறக்கும் சக்தி கிடைக்கும்படி செய்தார். அதே மனிதர்கள், வேறு நடத்தை.

‘டீமன்ஸ் சோல்ஸ்’ 2009இல் வேறு திசையில் போனது. இயக்குநர் ஹிடெடாகா மியசாக்கி, பனி மூடிய மலைச்சாலை ஏற்றத்தில் வண்டிகள் ஏற முடியாமல் நின்றபோது, முன்பின் தெரியாதவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வண்டியை முட்டித் தள்ளி மேலே ஏற்றிவிட்டதைப் பார்த்து, அந்நியர்கள் உதவிவிட்டுப் போகும் ஆட்டத்தின் எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். உதவியவர்களுக்கு நன்றி சொல்லக்கூட நிற்க முடியாது. நின்றால் மறுபடி வண்டி சிக்கிக்கொள்ளும். அவருடைய விளையாட்டில் தரையில் குறிப்பு எழுதலாம், ஆனால் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட வாக்கியங்களைக் கோத்துத்தான் எழுத முடியும். உங்கள் குறிப்பு உதவியது என்று யாராவது மதிப்பிட்டால், எங்கோ சண்டையில் இருக்கும் உங்கள் உயிர்ச் சக்தி கூடும். பாழுங்கிணறு போன்ற பள்ளத்தின் விளிம்பில் ‘குதி, புதையல் இருக்கிறது’ என்ற பொருளில் எழுதி வைக்கும் புண்ணியவான்களும் உண்டு. அவர்களை நான் வெறுக்கவில்லை. பொய் சொல்லவும் வழி இருந்தால்தான் உண்மைக்கு மரியாதை.

ஹிடியோ கொஜிமாவின் ‘டெத் ஸ்டிராண்டிங்’ 2019இல் வந்தது. அதில் ஒரு பகுதியை நீங்கள் சிரமப்பட்டுக் கடந்து வலைப்பின்னலில் இணைத்த பிறகுதான் மற்றவர்கள் கட்டிய பாலமும் ஏணியும் அங்கே தோன்றும். முதல் தடவை தனியாகக் கஷ்டப்பட்டே ஆக வேண்டும். அவற்றுக்கு விருப்பக் குறி போடலாம். வெறுப்புக் குறி அங்கே கிடையாது.

அடுத்ததைச் சொல்லும் முன் ஓர் எச்சரிக்கை. ‘நியர்: ஆட்டோமேட்டா’ விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு நிமிடம் வானொலியின் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2017இல் வந்த இதன் கடைசி முடிவில், தயாரித்தவர்களின் பெயர்ப் பட்டியலே எதிரியாக மாறி உங்களைச் சுடுகிறது. தனியாக வெல்வது மிகக் கடினம். திரும்பத் திரும்பத் தோற்கும்போது உதவி வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் மற்ற ஆட்டக்காரர்களின் சின்னங்கள் வந்து உங்களைச் சூழ்ந்து குண்டுகளைத் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொன்று அழியும்போதும் இன்னாருடைய தரவு இழக்கப்பட்டது என்று காட்டும். வென்ற பிறகு உங்களிடம் ஒரு கேள்வி: யாரோ ஒருவருக்கு இதுபோல் உதவ, நீங்கள் சேமித்து வைத்த ஆட்டம் முழுவதையும் அழித்துவிடச் சம்மதமா? உதவி பெறுபவர் உங்களுக்கு அறவே பிடிக்காத ஆளாக இருக்கலாம் என்றும் அது சொல்கிறது. நன்றியும் கிடைக்காது. சம்மதித்தால் உண்மையிலேயே அழித்துவிடும்.

கதாபாத்திரத்தின் உயிரைப் பணயம் வைப்பது எல்லா விளையாட்டிலும் உண்டு. ஆடியவர் செலவழித்த வாரங்களையே பணயமாகக் கேட்பது அபூர்வம். இயக்குநர் யோக்கோ தாரோவின் கதையில் எனக்கு ஒட்டாத பகுதிகள் நிறைய உண்டு. நடுவில் ஒரு பாதி, நடந்ததையே வேறு கண்ணால் மறுபடி ஆடச் சொல்லிப் பொறுமையைச் சோதிக்கும். இந்த ஒரு கேள்விக்காக அதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

இந்த வகைக்கு ஆயுள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். மற்றவர்களின் சுவடுகள் எல்லாம் ஏதோ ஒரு சர்வரில்தான் இருக்கின்றன. டீமன்ஸ் சோல்ஸின் முதல் பதிப்புக்கான சர்வர்கள் 2018 பிப்ரவரியில் மூடப்பட்டன. தரையிலிருந்த குறிப்புகள் அத்தோடு போயின. மொய்ராயின் முடிவு இன்னும் மோசம். 2017இல் அதன் தரவுத்தளத்தின் மீது தாக்குதல் நடந்து, தயாரித்தவர்கள் விளையாட்டையே நிறுத்திவிட்டார்கள். அந்நியரை நம்பலாமா என்று கேட்ட விளையாட்டை ஓர் அந்நியரே முடித்துவைத்தார். இன்று அதை ஆட முடியாது.

ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, இதுவரை விளையாட்டையே தொடாதவர்களானாலும், இரண்டைச் சொல்கிறேன். நாலு பேர் கூடும் வீடு என்றால் 2022இல் வந்த ‘ஆஸ் டஸ்க் ஃபால்ஸ்’. கைப்பேசியையே கருவியாக வைத்து எட்டுப் பேர் வரை வாக்களித்துக் கதையை நடத்தலாம். கூட்டத்தின் முடிவை ஒருவர் தடுத்து நிறுத்தும் அதிகாரமும் உண்டு, ஆனால் அளவோடு. வாக்கெடுப்பைக் குறை சொன்ன நானே இதைப் பரிந்துரைக்கக் காரணம், கையைத் தூக்கியவர் பக்கத்து நாற்காலியிலேயே இருப்பார், பதில் சொல்லியாக வேண்டும். தனியாக ஆடுபவர்களுக்கு ஜர்னி. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், கணினியிலும் கிடைக்கிறது. முன்கூட்டியே எதையும் படிக்க வேண்டாம், இணைய இணைப்பை மட்டும் துண்டிக்காதீர்கள். முடிந்ததும் அவசரப்பட்டு அணைத்துவிடவும் வேண்டாம். வழியில் உடன் வந்தவர்களின் பெயர்கள் கடைசியில்தான் வரும். ஒரே ஆள்தான் கூட வந்தார் என்று நினைத்திருப்பீர்கள். பட்டியல் பெரும்பாலும் அப்படிச் சொல்லாது.

நன்றி, வணக்கம்.